நாலு வட்டிக் கடனை எதை வைத்து அடைப்பது?

யாராவது நாலு வட்டிக்குப் பணம் வாங்கியதாகக் கேள்விப்பட்டால் நமக்குப் பதறும். நூறு ரூபாய்க்கு மாதம் நாலு ரூபாய். "வேற இடமே கிடைக்கலியா?" என்று கேட்போம். கிரெடிட் கார்டு பாக்கியும் அதே வட்டிதான். பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13. இதற்குச் சட்டத்தில் உச்சவரம்பும் இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது.

எங்கள் வீட்டில் இந்தப் பாக்கி 1,20,000 ரூபாய்க்கு வந்து நின்றது. மாமனாரின் ஆபரேஷன், அதே மாதம் பள்ளிக் கட்டணம், அதற்குப் பிறகு ஒன்றன் பின் ஒன்றாகச் சின்னச் சின்னச் செலவுகள். கணவரின் சம்பளம் 52,000. வாடகை 13,000, மளிகை, பால், காய்கறி 13,000, பள்ளி வேனும் டியூஷனும் 5,000, பெட்ரோல், கரண்ட், கேஸ், போன் 6,000, மாமனாரின் மருந்து 3,000. மீதி 12,000. கடன், விசேஷம், எதிர்பாராத செலவு எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 12,000-ஐ மனதில் வைத்துப் போட்டது.

முதலில், நாங்கள் ஐந்து மாதம் செய்துகொண்டிருந்த தவறு. ஸ்டேட்மென்டில் மொத்தத் தொகைக்குக் கீழே 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று இருக்கும். பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்தால் 6,000. அதைக் கட்டினால் அந்த மாதம் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி வரும். ஆனால் 1,20,000-க்கு ஒரு மாத வட்டி 4,200, ஜிஎஸ்டி 756, ஆக 4,956. கட்டிய 6,000-ல் கடன் குறைந்தது 1,044 ரூபாய். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று கார்டைத் தேய்த்து வாங்கும் அரிசிக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டை அப்படியே வைத்துக்கொண்டு மாதம் 10,000 கட்டி அடைக்கலாம் என்றால் 17 மாதம் ஆகும், வட்டியும் வரியுமாக 49,000 ரூபாய் போகும்.

சரி, மாற்று என்ன? எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பாக்கியை அந்தக் கார்டிலேயே இஎம்ஐ ஆக்குவது, பர்சனல் லோன், நகைக்கடன்.

இஎம்ஐ ஆக்குவது எல்லாவற்றிலும் சுலபம். ஆப்பில் இரண்டு நிமிட வேலை. காகிதம் கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கு 16 சதவீதம், 12 மாதம் என்றால் தவணை 10,888. வட்டி 10,650 ரூபாய். கார்டு வட்டி என்பதால் இதற்கும் ஜிஎஸ்டி உண்டு, அது 1,900. ஒரு சதவீதம் பிராசசிங் கட்டணமும் அதன் வரியும் சேர்த்தால் மொத்தச் செலவு 14,000-ஐத் தொடும். 49,000 எங்கே, 14,000 எங்கே! வேறு எதுவும் கிடைக்காதவர்கள் இன்றே இதைச் செய்துவிடலாம். முன்கூட்டியே முடித்தால் பல கார்டுகளில் தனிக் கட்டணம் உண்டு, அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பர்சனல் லோன் 14 சதவீதத்துக்குக் கிடைத்தால் வட்டி 9,300. வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் பிராசசிங் கட்டணம் 2 சதவீதமும் வரியும் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். 1,20,000-க்கு விண்ணப்பித்தால் கணக்கில் வருவது 1,17,168. கார்டை முழுதாக அடைக்கக் கையிலிருந்து மூவாயிரம் போட வேண்டும். மொத்தச் செலவு 12,100 அளவில். இன்னொரு சிக்கல், கார்டில் லிமிட்டை ஒட்டிக் கடன் நிற்கும்போது சிபில் மதிப்பெண், அதாவது கடன் தருகிறவர்கள் நம்மை எடைபோடப் பார்க்கும் மதிப்பெண், இறங்கியிருக்கும். அப்போது 14 சதவீதத்துக்குக் கேட்டால் 18 என்பார்கள்.

இந்த இரண்டிலும் தவணை பத்தாயிரத்துக்கு மேல். எங்கள் 12,000-ல் அது போனால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி கார்டைத்தான் எடுப்போம். அதனால் பர்சனல் லோனை 18 மாதமாகப் போட்டுப் பார்த்தேன். தவணை 7,430 ஆகிறது. வட்டி 4,400 ரூபாய் கூடுகிறது, மாதம் 3,300 ரூபாய் கையில் நிற்கிறது. வட்டியை மட்டும் பார்த்தால் இது நஷ்டக் கணக்கு. வீட்டை நடத்துகிறவளாக எனக்கு இதுதான் சரியான கணக்காகப் பட்டது.

நகைக்கடன்தான் மிகக் குறைவு. வங்கியில் 9.5 சதவீதம் என்றால் முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் மேல். மாதாமாதம் அடைத்து 12 மாதத்தில் முடித்தால் வட்டி 6,300 ரூபாய்தான். (தெருமுனை அடகுக்கடையில் ஒன்றரை, இரண்டு வட்டி கேட்பார்கள், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

"உன் நகையில கை வைக்க எனக்கு மனசு வரல" என்றார் கணவர்.

"பெட்டிக்குள்ள இருந்து அது என்னங்க செய்யுது? மாசம் அஞ்சாயிரம் வட்டியா போறது உங்களுக்குத் தெரியலியா?" என்றேன். அப்படிக் கேட்ட எனக்கும் வங்கியில் மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்தபோது அடிவயிறு என்னவோ செய்தது. ஆரத்தில் கல் எடையைக் கழித்தார். உள்ளே அரக்கு இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் கழித்தார். கல் வைத்த நகைக்கு நாம் நினைக்கும் தொகை வராது, சாதா வளையலும் சங்கிலியும்தான் அடகுக்கு உகந்தவை.

நகைக்கடனின் நல்லதும் கெட்டதும் ஒன்றேதான்: அது வளைந்து கொடுக்கும். தீபாவளி மாதம் 3,000, போனஸ் மாதம் 15,000 என்று கட்டலாம். ஒன்றுமே கட்டாமலும் இருக்கலாம்; ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி அடகு வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்படித் திருப்பித் திருப்பி வைத்தே ஏலத்துக்குப் போன நகைகள் நம் சொந்தத்திலேயே இருக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தருகிறார்களே என்று கூடுதலாக வாங்க வேண்டாம். கார்டு பாக்கி எவ்வளவோ அவ்வளவுதான்.

ஆக, ஒவ்வொரு மாதமும் தானாகக் கட்டுவோம் என்று தன்மேல் நம்பிக்கை உள்ளவர்களுக்கு நகைக்கடன். அந்த நம்பிக்கை இல்லையென்றால் பர்சனல் லோன், தவணை தானாகக் கணக்கிலிருந்து போய்விடும். அதற்குக் கொடுக்கும் கூடுதல் ஆறாயிரத்தைக் கட்டுப்பாட்டுக்குத் தரும் விலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைப்பதுதான் லாபம். வட்டி ஒன்றாக இருந்தால் சின்னப் பாக்கியை முதலில் முடியுங்கள், கட்ட வேண்டிய தேதிகளில் ஒன்று குறையும். 'பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்' என்று செட்டில்மென்ட் பேசினால் யோசியுங்கள். அது கடன் வரலாற்றில் 'செட்டில்டு' என்று பதிவாகும், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அதுதான் முன்னால் நிற்கும்.

நாங்கள் நகையை வைத்தோம். ஒரே கடனாக இல்லை, இரண்டு கணக்காக: வளையலுக்கு 50,000, ஆரத்துக்கு 70,000. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு நகையும் கைக்கு வராது. அன்று மாலையே கார்டு பாக்கியை முழுதாகக் கட்டி, கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது.

சம்பளம் வந்த மறுநாள் வளையல் கணக்குக்கு 7,000, ஆரத்தின் வட்டிக்கு 560. எட்டாவது மாதம் வளையலை மீட்டு வந்தோம். ஆரம் இன்னும் வங்கியில் இருக்கிறது. இந்த மாதத்திலிருந்து அந்த ஏழாயிரம் அதற்குப் போகிறது.