படுவான்கரை வயலில் ஓர் இரட்டைக் குழல் துவக்கு

பறவை வேட்டைக்கு எந்தத் துவக்கு நல்லது என்று தேடினால் அமெரிக்காக்காரர் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: 20 போர் (போர் என்பது குழலின் அகல அளவு, எண் கூடக் குழல் ஒடுங்கும்), ஆறு இறாத்தலை ஒட்டிய எடை, 26 அல்லது 28 அங்குலக் குழல். நாயோடு நாள் முழுக்க மேட்டுநிலத்தில் நடந்து காடையும் பெசன்ட் என்ற காட்டுப்பறவையும் கிளப்பிச் சுடுகிறவருக்கு அது சரி. இலங்கையில் நமக்கு அனுமதிப்பத்திரம் கிடைப்பது பயிர்க் காவலுக்கு. காட்டுக்கோழியைச் சுட்டால் வழக்குத்தான். அதனால் பல போகமாக மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வட்டையில் நான் தூக்கித் திரியும் 12 போர் இரட்டைக் குழலை வைத்தே சொல்கிறேன்.

எடை ஏழு இறாத்தல் சொச்சம். இரவில் வரம்பில் நடக்க ஒற்றைக் குழல்தான் சுகம், ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும், பெனியனோடு நிற்கிறவன் தோளுக்கு அது நன்றாகவே தெரியும். கதிர் பால் கட்டும் நாட்களில் கிளியையும் குருவியையும் கலைக்க வானத்துக்கு ஒரு வெடி, பன்றி வந்தால் மற்றக் குழல் கையிருப்பில். யானைக்கு இது ஆயுதமே இல்லை, அதற்கு யானையை விரட்டும் பட்டாசான யானை வெடிதான்.

பலர் கவனிக்காதது தோளில் வைக்கும் மரக்கட்டையின் நீளம். வாங்கும்போது துவக்கு வெறுமையா என்று திறந்து பாருங்கள், அப்புறம் கண்ணை மூடித் தோளில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். குழல் நுனியிலுள்ள முனைமணி நேரே தெரியவேண்டும். குழலின் மேற்பரப்பு நீளமாகத் தெரிந்தால் சன்னம் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) மேலே போகும், குழலே மறைந்தால் கீழே. ஐரோப்பியக் கட்டைகள் 14 அங்குலத்துக்கு மேலும் வரும், நம்மில் கை குட்டையானவருக்கு அது சட்டையில் மாட்டும்.

சோக், அதாவது குழல் வாயின் ஒடுக்கம், பற்றி நிறையப் பேசுவார்கள். 40 யார் (கெஜம்) தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் ஏறத்தாழ 70 சதவீதச் சன்னத்தைப் போடும், இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50 அளவில். என்னுடையதில் வலது குழல் விரிவு, இடது இறுக்கம், முன் விசை வலதுக்கு. கிட்டத்துக்கு முன் விசை, தூரத்துக்குப் பின் விசை, பழகிவிட்டால் யோசிக்கவே தேவையில்லை.

பழைய இங்கிலாந்துத் துவக்கு கைக்கு வந்தால் தோட்டா அறையை அளந்து பார்க்காமல் சுடவேண்டாம். பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர், இப்போதைய தோட்டா 70. அந்த எண் வெடித்தபின் விரிந்த தோட்டாக் கோதின் (உறையின்) நீளம் என்பதால் சுடாத தோட்டா சுகமாக உள்ளே போய்விடும், சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதேபோல 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி முன்னால் சிக்கிக்கொள்ளும், கவனிக்காமல் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போருக்கு மஞ்சள் நிறக் கோது அதற்காகத்தான். ஒரே வீட்டில் இரண்டையும் வைக்காதீர்கள்.

குறை என்றால் துரு. மாரியில் வாவிக் காற்று பட்டால் ஒரே இரவில் செம்மை பூத்துவிடுகிறது, களைப்பிலும் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் படுக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடாவருடம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலைச்சல் வேறு. இன்னொன்று வாங்குவதென்றால் இதே 12 போர்தான், கட்டை மட்டும் அரை அங்குலம் குட்டையாக.