பழைய எம்.ஜி. காரில் தனியாக மலையேற: றம்பொடையா, ஹட்டனா, ஹப்புத்தளையா?

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறுவதற்குப் பிரதானமாக மூன்று வீதிகள் உள்ளன. கண்டி வீதியில் பேராதனை வரை சென்று, அங்கிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 ஒன்று. அவிசாவளையில் பிரிந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக அதே நகரை அடையும் ஏ7 இன்னொன்று. இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலை வரை ஏ4 இலும், அதன்பின் ஏ16 இலும் சென்று ஹப்புத்தளை, பண்டாரவளையை அடைவது மூன்றாவது. புதிய காரில் குடும்பத்தோடு போகிறவருக்கு இவற்றில் எது நல்லது என்பதைக் கைத்தொலைபேசி வரைபடமே சொல்லிவிடும். 1960களில் செய்யப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரில், பக்கத்து இருக்கையில் எவரும் இல்லாமல் போகிறவருக்கு அந்த விடை உதவாது. எஞ்சின் சூடேறினால் ஒதுங்க இடம் உண்டா, பிரேக் ஆறுவதற்கு வீதி அவகாசம் தருகிறதா, கார் நின்றுபோனால் தள்ளிவிட ஆள் உண்டா என்பவையே அவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒரே காரை மனத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வீதிகளின் வேறுபாடு தெளிவாகும் என்பதால் எம்.ஜி. நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார் இது. 1798 சி.சி. எஞ்சின், பெற்றோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்.யு. காபரேட்டர், முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், பின் சில்லுகளுக்கு டிரம் பிரேக், பின்புறத்தில் லொறிகளில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங் என்பவை இதன் அடிப்படை. 1967 வரை வந்த கார்களில் முதலாவது கியருக்கு மட்டும், பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கியருக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினின் வேகத்தையும் சில்லின் வேகத்தையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். தவறினால் பற்கள் அரைபடும் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். சமவெளியில் இது ஒரு பொழுதுபோக்கு. மலை வளைவில் இதுதான் ஓட்டுநரின் முழு வேலை.

உயரமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், கொழும்பில் 95 குதிரைவலு காட்டிய எஞ்சின் அந்த நகருக்குள் நுழையும்போது தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வழியில் விட்டுவிட்டு வந்திருக்கும். காற்று குறையும் அளவுக்குக் காபரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை. ஆகவே கலவை தடித்து, பிளக்குகளில் கரி பிடித்து, ஓய்வில் நிற்கும் எஞ்சின் இருமத் தொடங்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் உயரம் அது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் கசிகிற காருக்கு இந்த ஆறு பாகை இழப்பு சிறிய விடயம் அல்ல.

ஏறுவதற்கு எந்த வீதி என்று கேட்டால் என் விடை ஏ5. பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். றம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்கள் பழைய காருக்கு ஹட்டன் வீதிதான் இதமானது என்பார்கள். வளைவின் எண்ணிக்கையை விட, கடும் ஏற்றம் எந்த இடத்தில், எந்தக் காற்றில் தொடங்குகிறது என்பதே எஞ்சினுக்கு முக்கியம். ஏ5 ஐ நோக்கிப் போகிறவருக்கு, கண்டி வீதியிலேயே முதலில் கடுகண்ணாவை வருகிறது. அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் நிற்கும் அந்தக் குறுகிய ஏற்றம் காருக்கு ஒரு பரீட்சை போல அமைந்துவிடுகிறது. வெப்பமானியின் முள் அங்கேயே சிவப்பை நோக்கி நகருமானால், கண்டியிலோ கம்பளையிலோ ஒரு கராஜைத் தேடிக்கொள்ள நேரம் இருக்கிறது. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட சமமான பகுதியில் எஞ்சின் ஆறிவிடும். அதன்பின் புஸ்ஸல்லாவை வரை ஏற்றம் மெதுவாகவே கூடுகிறது. கடுமையான ஏற்றம் றம்பொடையில் தொடங்கும்போது காற்று குளிர்ந்திருக்கிறது, ரேடியேட்டருக்கு அதுவே பெரிய உதவி.

றம்பொடை வளைவுகளில் ஓர் ஒழுங்கு உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது வலப்பக்கமாகத் திரும்பும் வளைவு வெளிவிளிம்பில் அகன்று வரும். இரண்டாவது கியரே போதும். இடப்பக்கமாகத் திரும்பும் வளைவுதான் சோதனை. உள்விளிம்பில் சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும், அதை ஒட்டிச் சீமெந்துக் கான் ஓடும், மேலிருந்து இறங்கும் பஸ் வளைவின் முக்கால் பங்கைத் தன்னுடையதாக்கிக்கொண்டு வரும். ஏறுகிற வாகனத்துக்கே வழிவிட வேண்டும் என்பது மலை வீதியின் மரபு என்றாலும், பஸ் ஓட்டுநர்கள் எல்லோரும் அந்த மரபில் பிறந்தவர்கள் அல்லர். அந்தக் கணத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் திணறும், முதலாவது கியரோ சிங்க்ரோமெஷ் இல்லாதது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே முழுமையாக நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, பஸ்ஸைப் போகவிட்டுப் பிறகு ஏறுவதே சரி. தனியாக ஓட்டுகிறவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இடது முன் சில்லுக்கும் கானுக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது, தலையை நீட்டிப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் வரலாம்’ என்று சொல்லவும் ஆள் இல்லை. கூரையை மடக்கிவிட்டு ஓட்டுவது இங்கே அழகுக்காக மட்டும் செய்வது அல்ல.

இவ்வளவு சொன்னாலும், ஓட்டும் இன்பத்தில் மற்ற இரண்டு வீதிகளும் இதற்கு ஈடாகா. கீழே கொத்மலை நீர்த்தேக்கம், பக்கத்தில் 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் றம்பொடை அருவி, சுரங்கப்பாதை, பிறகு லபுக்கலைத் தேயிலை மலைகள் என்று வீதி தன் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறது. சுரங்கத்துக்குள் இரண்டாவது கியரில் எஞ்சினின் குரலைக் கேட்பதற்காகவே சிலர் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்கள்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இதே வீதியில் பழைய காரில் இறங்குவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 2025 மே 11 அன்று கொத்மலை, கரண்டிஎல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்த வீதியில்தான். அதன் காரணங்களுக்கும் நம் காருக்கும் முடிச்சுப் போட நான் முனையவில்லை; வீதி மன்னிக்கும் இயல்புடையது அல்ல என்பதை மட்டும் அது நினைவூட்டுகிறது. லபுக்கலையிலிருந்து றம்பொடை வரையும், அதற்குக் கீழேயும், பிரேக் ஆறுவதற்கேற்ற சமதளம் மிகக் குறைவு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும்போது, மிதி அடிமட்டம் வரை போகும், கார் நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய லொறிக்காரர்களின் விதி எம்.ஜி.பி.க்கும் பொருந்தும். எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் மேலதிக கியரான ஓவர்டிரைவ் பொருத்தப்பட்ட கார் என்றால் அதன் சுவிட்சை அணைத்துவிட்டே இறங்க வேண்டும்.

ஹட்டன் வீதி ஏறுவதற்குச் சிரமமானது என்று நான் சொல்வதற்குக் காரணம் கினிகத்தேனை. அவிசாவளையிலிருந்து கித்துல்கல வரை களனி ஆற்றை ஒட்டி, இறப்பர் மரங்களின் நிழலில், வீதி இன்பமாகவே போகிறது. ஆனால் அது தாழ்நிலத்தின் புழுக்கம். அந்தச் சூட்டில் ஏற்கெனவே வெந்துபோன எஞ்சினை, ஆற அவகாசம் தராமல், கினிகத்தேனை ஏற்றம் ஒரேயடியாக மேலே இழுக்கிறது. மேலே உள்ள தேநீர்க்கடை ஒன்றின் முன்னால் பொனட்டைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டபோது, கடைக்குள் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “தம்பி, இப்ப தொறக்காதீங்க, மூஞ்சிலேயே அடிக்கும். மொதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க, அதுவும் ஆறட்டும்” என்றார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் காரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரியவரே இந்த வீதியின் பலமும் ஆகிறார். வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன, இடையிடையே தோட்டங்கள். பகல் நேரத்தில் கார் எங்கே நின்றாலும் நாலு பேர் தள்ளுவதற்கு வருவார்கள், அதில் ஒருவருக்குக் கராஜ் வைத்திருக்கும் மச்சான் ஒருவர் இருப்பார். எம்.ஜி.பி.யை விடச் சிறிய எம்.ஜி. மிட்ஜெட்டில் வருகிறவருக்கு இன்னும் வசதி. 1974 வரை வந்த மிட்ஜெட்டின் எஞ்சினும் நம் நாட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனரின் எஞ்சினும் ஏ-வரிசை என்ற ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மைனரில் கைபழகிய கராஜ் பாஸ்மார் மிட்ஜெட்டின் எஞ்சினைக் கண்டு தயங்கமாட்டார்கள்.

இறங்குவதற்கு ஹட்டன் வீதி நல்லது, ஏனெனில் இறக்கம் இங்கே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வரை ஒரு பகுதி. அதன்பின் 1271 மீற்றர் உயரத்தில் உள்ள ஹட்டனைக் கடக்கும் வரை வீதி ஏறியும் இறங்கியும் அலைபோலப் போவதால், பிரேக் ஆறிவிடும். டெவன், சென் கிளேயர் அருவிகளைப் பார்க்க நிறுத்துகிற நேரமும் அந்தக் கணக்கில் சேரும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலவுக்கு இறங்கும் இரண்டாவது பகுதியை ஆறிய பிரேக்குடன் தொடங்கலாம். ஏறும்போது எஞ்சினைப் படுத்திய தாழ்நிலச் சூடு, எஞ்சினுக்குச் சுமையில்லாத இறக்கத்தில் பொருட்டாகாது.

ஹப்புத்தளை வழியை ஏறுவதற்குப் பயன்படுத்துவதில் தடையொன்றும் இல்லை, ஆர்வமும் இல்லை. இரத்தினபுரி வரை லொறிகளுக்குப் பின்னால் புழுங்குவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும். எதிர்த்திசையில்தான் இது அருமையான வீதி. நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு வந்து, 1431 மீற்றர் உயரத்தில் மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கும் ஹப்புத்தளையைத் தாண்டினால், பெரகலை வரை மட்டுமே கடும் இறக்கம். அதன்பின் ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை என்று உயரம் தவணை முறையில் குறைகிறது. இடப்பக்கம் தெற்குச் சமவெளி முழுவதும் திறந்து கிடக்கிறது. குறைகளும் உண்டு. ஊர்களுக்கிடையே தூரம் கூடுதல், உதவிக்கு வருவோர் குறைவு. பெரகலையில் பிற்பகல் மூடுபனி இறங்கினால் லூகாஸ் நிறுவனம் செய்த பழைய முன்விளக்குகளின் மஞ்சள் ஒளி பொனட்டின் முனையைத் தாண்டாது. மண்சரிவு அபாயமும் இந்தப் பக்கத்தில் மெய்யானது; 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன மீரியபெத்தை லயங்கள் பெரகலையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் இந்தப் பக்கம் இறங்கக் கூடாது.

எந்த வீதியானாலும் தனியாகப் போகிறவர் மரக்கட்டை ஒன்றைக் காரில் வைத்திருக்க வேண்டும். எம்.ஜி.பி.யின் கைபிரேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது. முகம் கீழ்நோக்கி நிற்கும் காரில் பாரம் முன்னால் சரிந்துவிடுவதால், பின் சில்லுகளின் பிடி தளரும். துணைக்கு ஆள் இருந்தால் அவர் இறங்கிச் சில்லுக்குக் கட்டை வைக்கும் வரை ஓட்டுநர் பிரேக்கை மிதித்திருப்பார். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ரிவர்ஸ் கியரைப் போட்டு, முன் சில்லுகளை மலைப்பக்கமாகத் திருப்பி, கைபிரேக்கை இழுத்து, அதன்பிறகே காலை எடுத்து இறங்க வேண்டும்.

றம்பொடையால் ஏறிய பின் ஹட்டனால் இறங்குவதா, ஹப்புத்தளையால் இறங்குவதா என்பதை மாதம் தீர்மானிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். வட்டவளையின் மழைக்குத் துணிக்கூரை ஈடுகொடுக்காது. அப்போது ஹப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும் என்பதால் ஹப்புத்தளையே சரி; அந்தப் பருவத்தில் வீசும் கச்சான் காற்று கூரையைப் படபடவென்று அடிப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை நிலைமை தலைகீழாகி, ஊவாவில் மழையும் மூடுபனியும் சேர்வதால், ஹட்டன் வழியே இறங்கலாம். அப்படி இறங்குகிறவர் நானுஓயாவுக்கு அப்பால் வரைபடம் காட்டக்கூடிய ரதல்லக் குறுக்கு வீதிக்குள் திரும்பக் கூடாது. 2023 ஜனவரியில் உயிர்கள் பலியான விபத்து நடந்த அந்தச் செங்குத்து இறக்கம் மிச்சப்படுத்தித் தருவது சில நிமிடங்களைத்தான். பிரதான வீதியில் சுற்றியே தலவாக்கலைக்கு இறங்கலாம்.