புது ரோலர் கோஸ்டருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனத்துக்கு

காலாண்டு லீவுக்கு, நம்ம நெல்லைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ரோலர் கோஸ்டருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று இருப்பவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் முடியவில்லை. அதனால் பூங்காவின் பெயர் வேண்டாம்.

முதலில் விளம்பரம். ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் கட்டியிருந்த பேனரில், ரயில் தலைகீழாக ஒரு முழு வட்டம் அடிப்பது போலப் படம். நேரில் போனால் வட்டமே கிடையாது. பெரிய ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று, மூன்று நான்கு வளைவுகள், அவ்வளவுதான். வேறு எங்கேயோ உள்ள ரைடின் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ‘நுழைவுச் சீட்டிலேயே எல்லா ரைடும் அடக்கம்’ என்றும் அதே பேனர் சொல்கிறது. உள்ளே போனதும் புது ரைடுக்கு மட்டும் தனிக் கவுண்டர், ஆளுக்கு 250 ரூபாய். கேட்டதற்கு, “அது பழைய ரைடுக்கு உள்ளது அண்ணாச்சி” என்று பதில். பிள்ளைகள் அத்தனை தூரம் ஆசையோடு வந்து நிற்கும்போது யார்தான் திரும்பிப் போவார்கள்? அதைத் தெரிந்துகொண்டுதான் கவுண்டரை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் ஆறாதது உயரக் கணக்கு. 120 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது விதி. விதி சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. மடியை அழுத்திப் பிடிக்கிற கம்பி சின்ன உடம்புக்குப் பொருந்தாது, இறக்கத்தில் பிள்ளை நழுவிவிடும். ஆனால் அந்த அளவை டிக்கெட் கொடுக்கிற இடத்தில் பார்ப்பதில்லை. நிழலே இல்லாத வரிசையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்து, ஏறப்போகிற வாசலில்தான் பார்க்கிறார்கள். என் மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எடுத்த உயரம் 122. வாசலில் நின்ற பையன், “தம்பிக்கு உயரம் பத்தாது அண்ணாச்சி” என்றான்.

குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு போட்ட இரும்புக் குழாயை ஒரு சிமெண்ட் திட்டின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். 120 என்பது குழாயின் அடியிலிருந்து எடுத்த அளவு. பிள்ளையை நிறுத்துவதோ திட்டுக்குக் கீழே, தரையில். திட்டு மட்டுமே நாலு விரல் கனம் இருக்கும். “தம்பி, அவனைத் திட்டு மேல ஏத்தி நிறுத்திப் பாருங்க” என்றேன். அவன் மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் வந்தார், திட்டையும் பார்த்தார், “இங்க இப்படித்தான் சார் அளப்போம்” என்றார். பணத்தைக் கேட்டதற்கு டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது.’ எங்களுக்கு முன்னால் ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளோடு இதே போலத் திரும்பிப் போனார். இப்படித் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு பிள்ளையின் 250 ரூபாயும் பூங்காவிலேயே தங்கிவிடுகிறது.

மகனோடு வீட்டுக்காரி வெளியே நின்றுகொள்ள, நானும் மகளும் மச்சினனும் ஏறினோம். இதற்கு அப்புறம் நடந்ததுதான் பணத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு இருக்கையில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. மகள் ஆறாம் வகுப்பு, ஒல்லி. அவளை மச்சினன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் நல்ல உடம்பு. கம்பி அவன் வயிற்றில் முட்டி நின்றுவிட்டது. மகளின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சோதிக்க வந்தவன் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டான். பின்னாலிருந்து நான் சத்தம் போட்ட பிறகுதான் வண்டியை நிறுத்தி அவளை என் பக்கத்துக்கு மாற்றினார்கள். நானும் ஒல்லி என்பதால் கம்பி இரண்டு பேர் மடியிலும் படிந்தது.

இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்றால் அது எப்போதும் பெரிய உடம்பில்தான் நிற்கும். எந்த ஊர் ரைடாக இருந்தாலும் பிள்ளையைப் பெரிய உடம்புக்காரர் பக்கத்தில் உட்கார விடாதீர்கள். கம்பி பூட்டியதும் நீங்களே மேலே தூக்கிப் பாருங்கள். அசைந்து மேலே வந்தால் கூச்சப்படாமல் கையை உயர்த்திச் சத்தம் போடுங்கள்.

சரி, ரைடு எப்படி என்று கேட்பீர்கள். முதல் பாதி அருமை, அதை மறைக்கக் கூடாது. ஏறும்போது அடியில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. பலர் அதைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். ரயிலை மேலே இழுக்கிற சங்கிலியே அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாதபடி, பாதையில் உள்ள இரும்புப் பல்லில் விழுந்து பிடிக்கிற கொக்கியின் சத்தம் அது, சீராகவே கேட்டது. ஏற்றத்தின் ஓரமாக ஆள் இறங்கி வரப் படிக்கட்டும் போட்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை ஈ.சி.ஆர். பூங்கா ஒன்றில் ரைடு பாதியில் நின்று, அந்தரத்தில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டின் அருமை தெரியும். உச்சிக்குப் போனதும் மேற்கே மலைத்தொடர், கீழே பனங்காடு, தூரத்தில் காற்றாலைகள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிற மாதிரி ஒரு இறக்கம். டவுன் பொருட்காட்சித் திடலில் போடுகிற ராட்டினத்திலும் கொலம்பஸிலும் இது கிடைக்காது.

அந்த இறக்கத்தோடு நல்ல பகுதி முடிந்துவிடுகிறது. இரண்டாவது வளைவில் தொடங்கி வண்டி உதறுகிறது, குண்டும் குழியுமான ரோட்டில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி. தண்டவாளத்தின் மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பக்கமும் சக்கரங்கள் பிடித்துக்கொண்டு ஓடுகிற வண்டி இது. சக்கரம் தேய்ந்தாலோ இணைப்புகள் சரியாகச் சேராவிட்டாலோ இந்த உதறல் வரும். புது ரைடிலேயே இப்படி இருந்தால் உடனே கவனிக்க வேண்டாமா? உச்சியிலிருந்து இறங்கிய பிறகு இந்த வண்டிக்கு மோட்டார் கிடையாது, எடையும் வேகமும்தான் ஓட்டுகிறது. வெளியே அத்தனை பேர் வெயிலில் நிற்க, வண்டியைப் பாதி காலியாக அனுப்புகிறார்கள். எடை குறைவாக இருப்பதால் கடைசி மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து ஏறுகிறது. முடிவில் பிரேக் பிடிக்கிற பிடியில் மச்சினனின் கழுத்து வெட்டி இழுத்துவிட்டது. அவனுக்கு ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. கழுத்து, முதுகு, இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகை இருக்கத்தான் செய்கிறது, இங்கிலீஷில் மட்டும். யாரும் வாயால் சொல்லவும் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் கிராமத்து ஆட்கள். தமிழில் எழுத என்ன தடை?

இன்னொன்று, காற்று. ஆனி, ஆடியில் நம்ம பக்கம் அடிக்கிற காற்றுக்குக் காற்றாலையே நட்டு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு உயரத்து ரைடைக் காற்று ஒரு அளவைத் தாண்டினால் நிறுத்தியாக வேண்டும். எந்த அளவில் நிறுத்துவீர்கள் என்று ஓட்டுகிற பையனிடம் கேட்டேன். “ரொம்ப அடிச்சா நிறுத்திருவோம் அண்ணாச்சி” என்றான். காற்றை அளக்கிற கருவி எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஏமாந்தவர்கள் சும்மா விட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். அதில் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பொய்யான விளம்பரம் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 10 லட்சம் வரை அபராதம் போட முடியும். பணம் திருப்பித் தரமாட்டோம் என்று டிக்கெட்டில் அச்சடித்துவிட்டதாலேயே நம் புகார் உரிமை போய்விடாது. பேனரையும் டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும்.

இதை எழுதுவது பூங்காவை மூட வைக்க அல்ல. குற்றாலத்தில் சீசன் இல்லாத நாளில் நம்ம பிள்ளைகளுக்குப் போக இடம் குறைவு. நல்ல ரைடில் ஏற வேண்டுமென்றால் மதுரை, சென்னை, கொச்சி என்று போக வேண்டியிருக்கிறது. அந்த முதல் இறக்கத்தை அவ்வளவு நன்றாக அமைத்தவர்களுக்கு மீதியைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. உயரக் கோட்டைக் கவுண்டர் பக்கத்தில் ஒழுங்காகத் தரையிலிருந்து போடட்டும். கம்பியைச் சோதிக்க இரண்டு பக்கமும் ஆள் நிற்கட்டும். தண்டவாள இணைப்பையும் பிரேக்கையும் பார்க்கட்டும். வரிசைக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையாவது வேண்டும். கேளிக்கை ரைடுகளுக்கென்றே ஐ.எஸ். 15475 என்று இந்தியத் தரவிதி இருக்கிறது. அதன்படி கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தமிழில் வாசலில் ஒட்டட்டும். இதையெல்லாம் அவர்களுக்கும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்தக் குழாயைத் திட்டிலிருந்து இறக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். மகன் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.