அரண்மனை மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால்

பாங்காக்குக்குச் சொந்தமாகத் திட்டம் போட்டுப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். காரைக்குடிப் பக்கமிருந்து இப்போது நிறையப் பேர் டூர்க்காரர்களை நம்பாமல் தாங்களே டிக்கெட், ரூம் எல்லாம் போட்டுக்கொண்டு போகிறார்கள். நானும் வீட்டு ஆச்சியும், அதாவது என் மனைவியும், அப்படித்தான் போனோம். ஐந்து நாளில் நாலரை நாள் அருமையாக இருந்தது. மீதி அரை நாளில் 24,000 பாட் போனது. நம் பணத்துக்கு ₹60,000-க்கு மேல்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கிராண்ட் பேலஸ் மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். வாசலுக்குக் கூப்பிடு தூரம்தான். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வந்து, எந்த ஊர் என்று விசாரித்தார். பிறகு வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, "இன்று பிக்குகளின் பூஜை, ஒன்றரை மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். எங்கள் கையிலிருந்த வரைபடத்திலேயே மூன்று இடங்களை வட்டம் போட்டார். கையைத் தட்டினார், ஒரு டுக்டுக் வந்து நின்றது. மூன்று இடமும் சுற்றிக் காட்ட மொத்தமே 40 பாட்.

நம் ஊரில் கொப்புடையம்மன் கோயிலுக்கு வெளியே நின்று ஒருவர் "நடை சாத்தியாச்சு" என்றால், எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவோமா? அங்கே திரும்பினோம். அந்த அரண்மனை, அரச குடும்ப நிகழ்ச்சி ஏதும் இருந்தால் தவிர, தினமும் காலை 8.30-க்குத் திறந்துவிடும். மாலை 3.30 வரை டிக்கெட் தருவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர் சொல்லட்டும், ரோட்டில் நிற்பவர் வேண்டாம். மெட்ரோவில் போனால் சனம் சாய் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம், படகில் போனால் தா சாங் துறை. இரண்டிலும் பேரம் இல்லை. டாக்ஸி என்றால் மீட்டர் 35, 40 பாட்டில்தான் தொடங்கும். அந்த ஊரில் மூன்று இடம் சுற்ற 40 பாட் என்றால் மீதிக் கூலியை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்கு ஆள் கொண்டுவந்து விட்டால் டிரைவருக்குப் பெட்ரோல் கூப்பன் உண்டாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் போனது ஆளே இல்லாத ஒரு சின்னக் கோயில். அங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் என்றார். ஒன்றும் விற்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பேச்சுவாக்கில், அரசாங்கம் ஏற்றுமதி விலைக்கே ரத்தினக் கல் விற்கும் வாரம் இது, இன்றோடு முடிகிறது, தன் மகள் கல்யாணத்துக்குக் காலையில்தான் வாங்கினேன் என்று சொன்னார். வெளியே வந்தால் டுக்டுக்காரரும் அதையே சொன்னார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு அரசாங்க விற்பனையே கிடையாது.

கடையில் "பர்மா ரூபி" என்றதும் எனக்கு நாக்கு நிற்கவில்லை. எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர், 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், அவர் மடியில் முடிந்து வந்த கெம்புதான் அப்பத்தா தோட்டில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். விற்பவர் எழுந்து நின்று கும்பிட்டார். "அப்படியானால் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை." அவ்வளவுதான், அதற்கு மேல் நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேனே.

கல்லால் கண்ணாடியைக் கீறிக் காட்டினார். ஊருக்குப் போய் விற்றால் இரண்டு மடங்கு என்றார். ஆச்சி என் முழங்கையை இடித்து, "கல்லு வாங்கவா வந்தோம்? வெயிலு ஏறுது, வாங்க போவோம்" என்றாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். இந்த வரியை எழுதச் சொன்னதே அவள்தான்.

கார்டு மெஷின் பாட்டா ரூபாயா என்று கேட்டது. தெரிந்த கணக்காக இருக்கட்டும் என்று ரூபாயைத் தொட்டேன். அதிலும் நட்டம். ரூபாய் என்று சொன்னால் மாற்று விலையை அந்த மெஷின்காரர்கள் வைக்கிறார்கள். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு வந்து மோதிரம் செய்யக் கொடுத்தபோது பத்தர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"செட்டியாரே, கல்லு கெம்புதான். ஆனா மண்ணுல விளைஞ்சதில்ல."

எனக்கும் காட்டினார். உள்ளே கிராமபோன் தட்டில் இருப்பதுபோல வளைந்த வரிகள், நடுவே சின்னச் சின்னக் குமிழி. அலுமினாப் பொடியைத் தீச்சுடரில் உருக்கி, சொட்டுச் சொட்டாக வளர்க்கும் கல். வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ல் வெளியிட்ட முறை. மண்ணில் விளைந்ததும் இதுவும் ஒரே பொருள், ஒரே கடினம். அதனால் கண்ணாடியைக் கீறத்தான் செய்யும், சாதாரண ஸ்படிகக் கல்லே கீறும். விலைதான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்கில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். பின் நம்பர் நீங்கள் போட்டது, பொருளும் கைக்கு வந்துவிட்டது என்று பதில். பில்லில் "ரூபி", காரட் எடை, அவ்வளவுதான். இயற்கைக் கல் என்ற வார்த்தையே இல்லை. பாங்காக்கிலேயே தெரிந்திருந்தால் 1155-ல் சுற்றுலாப் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம், ஆங்கிலத்தில் பேசுவார்கள். இன்னொரு வயிற்றெரிச்சல்: கல் வாங்கிய மறுநாள் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம், கல் என் பையில் இருந்தது. தாய்லாந்து அரசின் ரத்தினச் சோதனைக்கூடம் அதே சாலையில்தான் இருக்கிறது.

கிளம்புமுன் செய்யவேண்டியது ஒன்று. 2025 மே 1 முதல் தாய்லாந்து போக டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்டால் நீங்கள் இருப்பது குடிவரவுத் துறையின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

மூன்றாம் நாள் மறுபடி போய் அரண்மனையைப் பார்த்தோம். அங்கேயுள்ள மரகத புத்தரும் மரகதம் இல்லை, வேறு பச்சைக் கல். ஆனால் அதை யாரும் நம்மிடம் விற்பதில்லை.

கல்லைப் பத்தர் திருப்பித் தந்தபோது கூலி வாங்கவில்லை. காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, "அந்தக் காலத்துலயே பர்மாவுல இந்தக் கல்லு புழங்குச்சு செட்டியாரே. அப்பத்தா தோட்டையும் ஒருநாள் கொண்டாங்க, பாத்துடுவோம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு மாதம் ஆகிறது. தோடு பெட்டகத்தில்தான் இருக்கிறது.