தரமணியில் ஒரு பகல்

தாத்தா பார்த்த நாடகங்களின் நோட்டீஸைத் தேடி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை நூல்களும் இதழ்களும் மட்டுமல்ல. பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதையும் அவர் விடவில்லை. அந்தச் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது இந்த நூலகம்.

அலமாரியைத் துழாவும் ஆசையோடு போகாதீர்கள். பட்டியலில் தேடி, வேண்டியதைக் குறித்துக் கொடுத்தால் எடுத்துத் தருகிறார்கள். 'நாடகம்' என்று மட்டும் தேடி ஒரு மணி நேரத்தைத் தொலைத்தது என் அசட்டுத்தனம். பழைய அச்சில் ஒரே பெயருக்கு நான்கு விதமாக எழுத்துக் கூட்டுவார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இல்லையேல், வெட்கப்படாமல் ஊழியரிடம் கேளுங்கள். தாத்தாவின் நாடகம் அகப்படவில்லை. வேறு மூன்று நோட்டீஸ்களில் மூழ்கி, மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.