லாக்புக், ஆஸ்கி, நேரடிக் கவனிப்பு: ஹவுஸ் சர்ஜனின் அனுபவத்தை எதைக் கொண்டு அளப்பது?

12 மாத இன்டர்ன்ஷிப் முடியும்போது ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவர் கையில் இருப்பது லாக்புக், அதாவது செய்த வேலைகளின் பதிவேடு. "பிரசவம் 10, ரைல்ஸ் ட்யூப் 8, ஐசிடி 1" என்று கணக்கு (ரைல்ஸ் ட்யூப்: மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் குழாய்; ஐசிடி: மார்புக்குள் சேர்ந்த காற்றையோ நீரையோ வெளியேற்றப் போடும் ட்யூப்), கீழே யூனிட் சீஃப் கையெழுத்து. எதைப் பார்க்காமலே ஒருவர் போஸ்டிங்கை முடிக்கப் போகிறார் என்பதை இது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் பலர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறார்கள். அன்றன்றே எழுதவைத்து, பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது என நான்காகப் பிரித்தால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

ஆஸ்கி (OSCE) 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் முன்வைத்த, ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்துகாட்டும் தேர்வு முறை. எல்லோருக்கும் ஒரே ஸ்டேஷன்கள், ஒரே நேர அளவு, ஒரே செக்லிஸ்ட். வார்டில் எப்போதாவது வரும் ஷோல்டர் டிஸ்டோஷியாவை (பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வது) பொம்மையில் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. தேர்வன்று செய்துகாட்டுபவர் நள்ளிரவு கேஷுவாலிட்டி நெரிசலிலும் அப்படியே செய்வாரா என்பது மட்டும் இதில் தெரியாது.

அதைப் பார்க்க நோயாளி பக்கத்திலேயே நிற்க வேண்டும். நோயாளியிடம் பேசுவதையும் பரிசோதிப்பதையும் மதிப்பிட மினி சிஇஎக்ஸ் (mini-CEX) என்ற படிவம்: 15–20 நிமிடம் கவனிப்பு, 5–10 நிமிடம் கருத்து. ட்யூப் போடுவது போன்ற கைவேலைக்கு டாப்ஸ் (DOPS) என்ற படிவம். லாக்புக்கில் "ஐசிடி 1" என்ற ஒரே வரிக்குள் எத்தனை இருக்கின்றன பாருங்கள்! எக்ஸ்ரேயைப் பார்த்துப் பக்கத்தை உறுதிசெய்தாரா? சம்மதம் வாங்கினாரா? மரப்பு மருந்து வேலைசெய்யும்வரை பொறுத்தாரா? நரம்பும் ரத்தக்குழாயும் விலாவின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடுவதால், கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி நுழைந்தாரா? ட்யூபை விடுமுன் விரலை உள்ளே விட்டு, நுரையீரல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாரா? மூச்சோடு நீர்மட்டம் ஏறி இறங்குகிறதா, பாட்டில் மார்புக்குக் கீழே இருக்கிறதா? இதில் எது தவறினாலும் ட்யூப் போட்டதாகத்தான் கணக்கில் ஏறும்.

மூன்றில் ஒன்றுதான் என்றால் எங்கள் தேர்வு நேரடிக் கவனிப்பே. அதுவும் கெட்டுப்போகும். மனம் நோகக்கூடாதென்று 9-க்கு 7 எல்லோருக்கும் விழும். இளகிய மனசுள்ள ஆசிரியரையே பயிற்சியாளர் தேடிப்போவார். கவனிக்காமலே படிவம் நிரம்பும். எனவே நோயாளியை யூனிட் தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொரு முறையும் கவனிப்பவர் மாறட்டும். ஒரு கேஸில் தேறியவர் இன்னொன்றில் தடுமாறுவது சகஜம். ஒரு படிவத்தை வைத்து யாரையும் தீர்மானிக்கக்கூடாது. மதிப்பெண்ணோடு ஒரு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும்: "அடுத்த முறை நான் பக்கத்தில் இல்லாமல் இவரை இதைச் செய்ய விடுவேனா?" "மாட்டேன்" என்றால் காரணம் ஒரு வரியில்.

ஓபி கூட்டத்தில் நேரமில்லை என்பது உண்மைதான். முழு கேஸையும் பார்க்கவேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு இன்சுலின் போடும் முறையை விளக்குவதை மட்டும் கவனித்தாலும் ஒரு படிவத்துக்குப் போதும். கை கழுவுவதையும், போட்ட ஊசியைப் பயிற்சி மருத்துவரே அப்புறப்படுத்துவதையும் வார்டு சிஸ்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். படிவத்தில் அந்தக் கட்டத்தை அவர்கள் நிரப்பட்டும்.