தாண்டிக்குடி மலைவாழை: கறுத்த பழத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஏறும்போது, தடியன்குடிசை தாண்டி ஒரு வளைவில், வீட்டுத் திண்ணையில் வாழைத்தார் தொங்கும். போர்டு கிடையாது. கணவன், மனைவி, அவரது அம்மா, காலேஜ் முடித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்ட மகன், இந்த நாலு பேர்தான் தோட்டத்துக்கும் கடைக்கும். காபிக்கும் மிளகுக்கும் நடுவே விருப்பாச்சி என்ற மலைவாழை, அதுவும் மானாவாரியாக, உரக்கடைப் பக்கமே போகாமல். மூன்று தடவை வாங்கிவிட்டேன், அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

முதல் தடவை கெடுத்துக்கொண்டது நான்தான். மஞ்சளாக, பார்க்க லட்சணமாக இருந்த சீப்பைக் கேட்டேன். பாட்டி, "அது இன்னும் பழுக்கல தம்பி, இதை எடுத்துட்டுப் போ" என்று தோல் சுருங்கிக் கறுத்துப்போன ஒன்றை நீட்டினார். விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து மஞ்சளையே வாங்கி வந்தேன், வாயில் வைத்தால் துவர்ப்பு. நாலு நாள் விட்டு, தோல் கறுத்த பிறகு பிரித்தால் உள்ளே ஒரு இடத்தில்கூட அழுகல் இல்லை, சதை கெட்டியாக, நல்ல இனிப்பு, கடைசியில் லேசாகப் புளிப்பு. இந்தப் பழத்தில் நீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதைத் தேடுவதும் அதனால்தான், தண்ணீரே சேர்க்காமல் பிசைந்து நாள்பட வைக்கலாம். கொழகொழவென்று இருந்தால்தான் வாழைப்பழம் என்பவர்களுக்கு இது பிடிக்காது.

ஒரு பழம் 10 ரூபாய். கீழே இறங்கினால் அந்தக் காசுக்கு இரண்டு பூவன் வாங்கலாம்தான். ஆனால் மகன் என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டிய பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. முடிக்கொத்து நோய் வந்த மரம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்: இலைகள் சிறுத்து, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கின்றன, தார் தள்ளவே தள்ளாது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் இது. நோய் வந்த மரத்தின் பக்கக்கன்றை எடுத்து நட்டால் புது இடத்துக்கும் நாமே கொண்டுபோன மாதிரி. இந்தப் பழனி மலைத்தொடரில் மலைவாழை இவ்வளவு சுருங்கிப்போனதற்கு இது பெரிய காரணம். இவர்கள் சந்தேகப்பட்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுகிறார்கள், அக்கம்பக்கத்துக் கன்றையும் வாங்குவதில்லை. 2008-இல் விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம், ஆனால் அதைப் பார்த்து அசுவினி பயந்து ஓடிவிடவில்லையே.

இயற்கை விவசாயம் என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். காகிதம் இருந்தால்தான் வாங்குவேன் என்பவர்கள் இங்கே வரவேண்டாம். நான் பார்த்தவரை மரத்தடியில் இலைச் சருகு முழங்கால் உயரம், பின்பக்கம் மாட்டுச் சாணமும் கோமியமும் ஊறவைத்த ஜீவாமிர்த உர டிரம், அதன் வாடை திண்ணை வரைக்கும் வருகிறது. எனக்கு அது போதும்.

இனி குறைகள். காபித்தூள் கால் கிலோ வாங்கினேன், வறுவல் கரிந்துவிட்டது, அரபிகா என்று சொன்னாலும் டிகாக்‌ஷனில் கசப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. வீட்டு இரும்புச் சட்டியில் வறுக்கிறார்களாம், ஆளுக்கு ஒரு பதம் போல. சில்லறை எப்போதும் இருக்காது, மழை பிடித்துவிட்டால் போனில் பணம் அனுப்பவும் சிக்னல் கிடைக்காது. பை கொண்டுபோங்கள், தார் பிசின் சட்டையில் பட்டால் போகவே போகாது. இரண்டாவது தடவை பதினொரு மணிக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது, எல்லோரும் களை எடுக்கப் போயிருந்தார்கள், ஒரு மணி நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒன்பதுக்குள் போவது நல்லது.

பழத்துக்காக மறுபடி போவேன். காபியை இனிமேல் பச்சைக் கொட்டையாக வாங்கி வந்து வீட்டிலேயே வறுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.